யுகேல இருந்து 1960கள் மினி கார் ஒண்ணு வாங்கி ஆஸ்திரேலியாவுக்கு கொண்டு வரலாம்னு இருக்கேன், விக்கிறவர் "ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் எப்பவோ மாத்தியாச்சு"ங்கிறார், அது போதுமா?

போதாதுங்க. அவர் வாயால சொன்னாலும் சரி, லெட்டர்ல எழுதிக் குடுத்தாலும் சரி, அதை மட்டும் வச்சு பார்டர் ஃபோர்ஸ்காரங்க (ஆஸ்திரேலிய கஸ்டம்ஸ்) விட்டுட மாட்டாங்க. எந்த பார்ட்டை எப்போ மாத்தினாங்க, புதுசா என்ன போட்டாங்கன்னு பில்லு, போட்டோ, லேப் ரிப்போர்ட்டோட காட்டணும்.

இங்க ஆஸ்திரேலியால 2003 டிசம்பர் 31ல இருந்து ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை, கொஞ்சமா இருந்தா பரவால்லங்கிற பேச்சே கிடையாது. சில நாட்ல அப்படி இல்ல, உதாரணத்துக்கு ஜப்பான்ல எடைல 0.1 சதவீதம் தாண்டினாத்தான் தடை, அதனால அங்க "இல்ல"ன்னு சொன்ன சாமான்கூட இங்க வந்து மாட்டலாம். யுகே வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை (அதிகமா புழங்கின வகை) தடை பண்ணினதே 1999லதான், அப்போ உங்க மினில ஒரிஜினல் பார்ட் மிச்சம் இருந்தா அதுல இருக்கும்னே வச்சுக்கோங்க.

பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் எல்லாருக்கும் ஞாபகம் வரும், கோட்டை விடுறது கேஸ்கெட்லதான் (இன்ஜின்ல ரெண்டு பாகம் சேர்ற இடத்துல கசியாம இருக்க நடுவுல வைக்கிற தகடு). எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜின் புகையை வெளிய கொண்டு போற குழாய்) கேஸ்கெட்டை எடுத்துக்கோங்க, வெளிய இருந்து பார்த்தா ஓரம் மட்டும் சாம்பல் கலர்ல தெரியும், அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, சாம்பிள் எடுக்கணும்னா மேனிஃபோல்டையே கழட்டணும், கழட்டினா அந்த கேஸ்கெட் காலி, எப்படியும் புதுசுதான் போடணும். அப்புறம் எதுக்கு டெஸ்ட்டு, கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி அங்கயே மாத்திட்டு புதுசோட ரிப்போர்ட்டை வாங்கி வச்சுக்கோங்க. ஹெட் கேஸ்கெட், அடியில அடிச்ச தார் கோட்டிங், இதையும் விட்டுடாதீங்க. (பழைய பிரேக் டிரம்மை ஏர் அடிச்சு கிளீன் பண்ண மட்டும் விடாதீங்க, அந்தத் தூசிதான் எமன்.)

இங்க இறங்கினப்புறம் சந்தேகம் வந்தா காரை நிறுத்தி வச்சு டெஸ்ட் பண்ணச் சொல்வாங்க, டெஸ்ட் செலவு ஸ்டோரேஜ் எல்லாம் உங்க தலைல, இருக்குன்னு தெரிஞ்சா சாமானும் போகும் அபராதமும் வரும். வண்டியைக் கொண்டுவர இம்போர்ட் அப்ரூவல் தனியா வாங்கணும், அதையும் இதையும் குழப்பிக்காதீங்க, அதையும் கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.

பார்ட்ஸ் மட்டும் தனியா ஆர்டர் பண்ணினாலும் இதே ரூல்தான். பிரிக்காத பெட்டில 1970கள் ஒரிஜினல் பிரேக் ஷூன்னு ஆன்லைன்ல ஆசை காட்டுவாங்க, என்னைக் கேட்டா அந்தப் பக்கமே போகாதீங்க, இப்போ தயாரிச்சதா பார்த்து வாங்குங்க.