சொந்தத்தில் மணம் முடித்ததுதான் காரணமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிரசவ வார்டுப் பயிற்சியின்போது, டவுன் சின்ட்ரோம் (அறிவு வளர்ச்சி தாமதமாகும் பிறவிக் குறைபாடு) உள்ள குழந்தையைப் பெற்ற இளம் தாய் ஒருவரைப் பார்த்தேன். அவர் தம் தாய்மாமனையே மணந்தவர். "சொந்தத்தில் கொடுக்காதே என்று அன்றைக்கே தலைபாடாய் அடித்துக்கொண்டேனே" என்று அவருடைய அப்பாவைப் பெற்ற ஆச்சி எல்லோர் முன்னிலையிலும் சொல்ல, அந்தத் தாய் அழுதுகொண்டே இருந்தார். ஆச்சி சொன்னது சரியா? பாடத்தில் குரோமோசோம் குறைபாடும் பரம்பரை நோயும் அடுத்தடுத்து வருவதால் எனக்கும் குழப்பமாக இருக்கிறது.
(மாணவி, நாங்குநேரி)

பதில்: டவுன் சின்ட்ரோமைப் பொறுத்தவரை ஆச்சி சொன்னது தவறு. அதை அந்தத் தாயிடம் யாராவது அன்றைக்கே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நம் செல்களில் 46 குரோமோசோம்கள் 23 இணைகளாக உள்ளன. கருமுட்டை உருவாகும்போது 21ஆவது இணை பிரியாமல் இரண்டுமே ஒரே முட்டைக்குள் போய்விட்டால், தந்தையிடமிருந்து வரும் ஒன்றும் சேர்ந்து குழந்தைக்கு அந்தக் குரோமோசோம் மூன்றாகிவிடுகிறது. பாரிஸில் ழெரோம் லெழூன் என்ற மருத்துவரின் குழுவினர் 1959இல் இதை வெளியிட்டனர். டவுன் சின்ட்ரோம் உள்ள 100 பேரில் சுமார் 95 பேருக்கு 21ஆவது குரோமோசோம் இப்படித் தனியாகக் கூடியிருப்பதே காரணம். செல் பிரியும்போது நேரும் இந்தப் பிசகுக்கும், கணவர் மாமனா அயலாரா என்பதற்கும் தொடர்பில்லை. தாயின் வயதோடு இதற்கான வாய்ப்பு கூடுகிறது: 20 வயதில் சுமார் 1,500 பிரசவங்களில் ஒன்று, 35இல் சுமார் 350இல் ஒன்று, 40இல் சுமார் 100இல் ஒன்று. ஆயினும் இளம் வயதில் பிள்ளை பெறுவோரே அதிகம் என்பதால், வார்டில் இளம் தாய்மாரையும் நீங்கள் பார்ப்பீர்கள்.

சொந்தத்தில் மணம் முடிப்பதால் கூடுவது வேறு வகை நோய். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கும், அத்தை மகன் மாமன் மகளுக்கு எட்டில் ஒரு பங்கும் பொதுவாக இருப்பதால், குடும்பத்தில் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் ஒரே பழுதான மரபணு இருவரிடமும் இருந்து, இரண்டு பிரதிகளும் குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பு அதிகரிக்கிறது. ரத்தசோகையை உண்டாக்கும் தலசீமியாவும் பிறவிக் காது கேளாமையின் சில வகைகளும் இப்படி வருபவை. இவற்றில் குரோமோசோம் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆகவே, குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் பார்க்கும் காரியோடைப் பரிசோதனை இயல்பாக இருக்கிறது என்பதால் பரம்பரை நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

ஒரு விதிவிலக்கை மட்டும் கவனமாகப் படியுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள 100 பேரில் மூன்று நான்கு பேருக்கு, 21ஆவது குரோமோசோம் பெரும்பாலும் 14ஆவதோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; அந்த ஒட்டு, எந்தக் குறையும் இல்லாத தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்திருக்கலாம். அதனால்தான் குழந்தையின் காரியோடைப்பைப் பார்க்கிறோம். ஒட்டு இருந்தால் பெற்றோர் இருவருக்கும் பரிசோதனை தேவை. தாயிடம் அது இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு சுமார் 10 முதல் 15 சதவீதம்.

இக்குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இதயக் குறைபாடு இருப்பதால் எக்கோ பரிசோதனை அவசியம். தைராய்டையும் பார்க்க வேண்டும். தசைகள் தளர்ந்திருப்பதால் பால் உறிஞ்சும் வலு குறைவாக இருக்கும். அருகில் உட்கார்ந்து, பொறுமையாகப் பாலூட்டப் பழக்கிவிடுவது முதல் நாட்களில் உங்கள் கையால் ஆகக்கூடிய பெரிய உதவி.

கேள்வி: தலசீமியா நான்கில் ஒரு குழந்தைக்கு வரும் என்கிறார்களே, முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்று குழந்தைகளுக்கு வராது என்று தைரியம் சொல்லலாமா?
(மாணவி, அம்பாசமுத்திரம்)

பதில்: சொல்லக் கூடாது. தாய் தந்தை இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று என்ற கணக்கு புதிதாகவே தொடங்கும். மூன்றும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் நான்காவது ஆண்தான் என்று உறுதி சொல்ல முடியாததைப் போன்றது இது. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாத கர்ப்பிணியைப் பார்த்தால், அவர் மாத்திரை சாப்பிடவில்லை என்று கடிந்துகொள்வதற்கு முன், தலசீமியா மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாமே என்று மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். அவருக்கு அது உறுதியானால் கணவருக்கும் உடனே பரிசோதனை செய்ய வேண்டும்.