லாக் எதற்கு? சேலத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

மடக்கை, அதாவது லாக், பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். லாக் என்று மட்டும் எழுதினால் 10 அடிமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓமலூர், பிளஸ் ஒன் மாணவி: சார், விதிகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் லாக் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் சொல்ல வரவில்லை.

அது ஒரே கேள்விதான் கண்ணு: எத்தனை 10-களைப் பெருக்கினால் இந்த எண் வரும்? 1000 வர மூன்று 10 வேண்டும், அதனால் லாக் 1000 = 3. 2-க்கு முழு எண்ணாக வராது, 0.3010 வரும். லாக் 100 = 2. 100-ஐ 1000-ஆல் பெருக்கும்போது அந்த 2-உம் 3-உம் கூடி 5 ஆகிறது. பெருக்கல் கூட்டலாக மாறிவிட்டது பார். உன் விதிகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை. 1614-இல் ஜான் நேப்பியர் இதை வெளியிட்டபோது, பெரிய பெரிய எண்களைக் கையால் பெருக்கிக்கொண்டிருந்த வானியலாளர்களுக்குப் பாதி வேலை குறைந்தது. 10 அடிமானத்தில் அட்டவணை போட்டுக் கொடுத்தவர் ஹென்றி பிரிக்ஸ். கால்குலேட்டர் பரவும் முன் நம் ஊர்ப் பிள்ளைகள் செய்முறைத் தேர்வில் புரட்டிய லாக் புத்தகம் அந்த வழியில் வந்ததுதான்.

ஆத்தூர், கல்லூரி மாணவர்: லாக் (2+3) என்பதை லாக் 2 + லாக் 3 என்று பிரித்தால் ஏன் சார் தப்பு?

போட்டுப் பார்த்துவிடுங்கள் தம்பி. 0.3010-உம் 0.4771-உம் சேர்ந்தால் 0.7781. அது லாக் 6. லாக் 5 என்பது 0.6990. லாக்குகளைக் கூட்டினால் உள்ளே இருக்கும் எண்கள் பெருகும், கூடாது.

ஏற்காடு, காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்: மண் பரிசோதனையில் மேல்காட்டுக்கு பிஎச் 5, கீழ்க்காட்டுக்கு 6 என்று வந்திருக்கிறது. ஒரு புள்ளிதானே, ரெண்டுக்கும் ஒரே அளவு சுண்ணாம்பு போட்டால் போதாதா?

போதாதுங்க. பிஎச் என்பதே ஹைட்ரஜன் அயனிச் செறிவின் லாக். முன்னால் ஒரு கழித்தல் குறி உண்டு, அதனால்தான் எண் குறையக் குறையப் புளிப்பு ஏறுகிறது. பிஎச் 6 என்றால் லிட்டருக்கு 0.000001 மோல், 5 என்றால் 0.00001 மோல். உங்கள் மேல்காட்டு மண்ணில் அந்த அயனி பத்து மடங்கு. காப்பிக்கு 6 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. அந்த 6.5-உடன் ஒப்பிட்டால் மேல்காடு சுமார் 32 மடங்கு அமிலம்.

அதற்காகப் பத்து மடங்கு சுண்ணாம்பைக் கொட்டிவிடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். பிஎச் எண் மண் நீரில் கரைந்திருக்கும் அமிலத்தை மட்டும் காட்டும். களியிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அமிலம் அதில் தெரியாது, சுண்ணாம்பு பெரும்பாலும் அதற்குத்தான் செலவாகும். எனவே ஏக்கருக்கு எவ்வளவு என்று பரிசோதனைக் கூடத்திலேயே ஒவ்வொரு காட்டுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

குகை, தறிப் பட்டறை: ஒரு தறி ஓடும்போது போன் ஆப்பில் 88 டெசிபல். எட்டுத் தறியும் ஓடினால் 97தான் காட்டுகிறது. ஆப் பழுதா?

போன் மைக் அவ்வளவு துல்லியம் கிடையாது, ஆனால் இந்த வித்தியாசம் கச்சிதமாக வந்திருக்கிறது. டெசிபல் என்பது ஒலிச்செறிவு விகிதத்தின் லாக், அதைப் பத்தால் பெருக்கியது. எட்டுத் தறி, எட்டு மடங்கு செறிவு; லாக் 8 = 0.9031, பத்தால் பெருக்கினால் 9. 88-உம் 9-உம் 97.

ஒன்பதுதானே கூடியது என்று விட்டுவிடாதீர்கள். காதில் விழும் ஆற்றல் எட்டு மடங்கு ஆகியிருக்கிறது. எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதிகள் சொல்லும் வரம்பு 90 டெசிபல். நாலு தறியை நிறுத்தினாலும் 3 குறைந்து 94-இல்தான் நிற்கும். ஆகவே சரியாகப் பொருந்தும் இயர்ப்ளக் வாங்கி நீங்களும் போடுங்கள், தறி ஓட்டுகிறவர்களுக்கும் கொடுங்கள். போன செவித்திறன் திரும்பாது.

சூரமங்கலம், வாசகி: 1900-இல் கோவைப் பக்கம் வந்த நிலநடுக்கம் 6 என்கிறார்கள், 2004 சுனாமியைக் கிளப்பியது 9.1. ஒன்றரை மடங்கு பெரியதா?

இல்லம்மா. நிலநடுக்க அளவும் லாக் கணக்குதான். அதில் ஒரு புள்ளி ஏறினால் வெளிப்படும் ஆற்றல் 10-இன் 1.5 அடுக்கு, அதாவது சுமார் 32 மடங்கு ஏறும். இங்கே வித்தியாசம் 3.1, அதை 1.5-ஆல் பெருக்கினால் 4.65. பத்தின் 4.65 அடுக்கு கிட்டத்தட்ட 45,000. அத்தனை மடங்கு.

அம்மாபேட்டை, வாசகர்: 8 சதவீத வட்டியில் போட்ட பணம் எப்போது இரட்டிக்கும்? 72-ஐ வட்டியால் வகுக்கச் சொல்கிறார்களே, அது சரியா?

கூட்டு வட்டி, வருஷத்துக்கு ஒருமுறை சேர்கிறது என்றால் லாக் 2-ஐ லாக் 1.08-ஆல் வகுக்க வேண்டும். 0.3010-ஐ 0.0334-ஆல் வகுத்தால் 9 வருஷம். 72-ஐ 8-ஆல் வகுத்தாலும் அதே 9, குறுக்குவழி இங்கே அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் அது இரட்டிப்புக்கு மட்டும்தான். பணம் மூன்று மடங்காக வேண்டும் என்றால் மேலே லாக் 3 போடுங்கள், 14 வருஷம் தாண்டிச் சில மாதம் வரும். வட்டியை நடுவில் எடுத்துச் செலவழித்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

ஓமலூர் மாணவியே மறுபடியும்: லாக் 0 ஏன் இல்லை சார்?

10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும், மைனஸ் ஆயிரம் என்றே போட்டாலும், மிகச் சிறிய எண் வருமே தவிர 0 வராது. அதனால் இல்லை.