கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னச் சுருக்குப் பையை வீட்டிலேயே எப்படித் தைப்பது, அதில் ஏன் 2 கயிறு?

சுருக்குப் பை என்றால் வாய் மடிப்புக்குள் கயிறு ஓடும் துணிப் பை, அவ்வளவுதான். பாவாடைக்கு நாடா கோர்ப்பது போலத்தான், கயிறு இழுபட இழுபடத் துணி கொசுவி வாய் மூடிக்கொள்ளும்.

6 அங்குல அகலம், 16 அங்குல நீளத்தில் ஒரு துணி போதும், மிஞ்சிய ரவிக்கைத் துணியே தாராளம் (புதுப் பருத்தி என்றால் முதலில் நனைத்துக் காய வைத்துவிடுங்கள், பிறகு சுருங்காது). நல்ல பக்கம் உள்ளே வரும்படி, 16 அங்குல நீளம் 8 ஆகும்படி இரண்டாக மடித்து, இரு ஓரத்தையும் அரை அங்குலம் உள்ளே தள்ளித் தையுங்கள். ஆனால் மேலே 2 அங்குலம் தைக்காமல் விட வேண்டும், அதுதான் கயிறு நுழையும் வழி, பலரும் மறப்பது இங்கேதான். அந்தத் திறந்த ஓரங்களை மடித்துத் தைத்து, அப்புறம் வாய்ப்பக்கத்தை முன்னும் பின்னும் தனித்தனியாக 1 அங்குலம் இப்போது வெளியே தெரியும் பக்கமாக மடித்துத் தைத்து, பையை நல்ல பக்கம் வெளியே வரும்படித் திருப்பினால், பிசிறெல்லாம் உள்ளே போய்விடும்.

சரி, கயிறு. ஒன்றே ஒன்று போட்டால் பை ஒரு பக்கமாகக் கோணும். 16 அங்குலத்தில் இரண்டு எடுத்து, ஊக்கில் கட்டி, ஒன்றை இடப்பக்கம் நுழைத்து முழுச் சுற்று சுற்றி இடப்பக்கமே எடுங்கள், மற்றதை வலப்பக்கம். இரண்டு பக்கமும் இழுத்தால் வாய் சமமாக மூடும்.

கெட்டித் துணிதான் நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கெட்டித் துணி கொசுவாது, எவ்வளவு இழுத்தாலும் நடுவில் ஓட்டை நிற்கும்.