இன்டர்வியூவுக்குத் தனி பாஸ் மார்க் நியாயமா? கேள்வி பதில்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம் கடலோர ஊர்களில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பணி நியமன வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, குரூப் 1 மெயின்ஸ் எழுதியிருக்கிறேன். இன்டர்வியூவில் தனியாக பாஸ் ஆகணுமா? (தங்கச்சிமடம்)

வேண்டாம் தம்பி. மெயின்ஸ் என்ற எழுத்துத் தேர்வுக்கு 750 மார்க், நேர்முகத் தேர்வுக்கு 100, ஆக 850. குறைந்தபட்ச மதிப்பெண் என்பது இரண்டையும் சேர்த்த மொத்தத்துக்குத்தான்: பொதுப் பிரிவுக்கு 340, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 255. யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸிலும் அப்படித்தான். மெயின்ஸ் 1750, இன்டர்வியூ 275. இன்டர்வியூவுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லை என்று அறிவிக்கையிலேயே எழுதியிருப்பார்கள்.

850க்கு 100 என்றால் 12 சதவீதம்கூட இல்லையே. அதில் பாஸ் மார்க் வைத்தால் என்ன குறைந்துவிடும்? (கீழக்கரை)

நல்ல கேள்வி தங்கச்சி. எல்லாரும் சறுக்கும் இடமும் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்டர்வியூ 100 மார்க், அதில் 40 எடுத்தால்தான் பாஸ் என்று ஒரு விதி இருக்கிறது. ஒரு பெண் எழுத்துத் தேர்வில் 500, இன்டர்வியூவில் 38. மொத்தம் 538. இன்னொருவர் எழுத்தில் 430, இன்டர்வியூவில் 45. மொத்தம் 475. வேலை யாருக்கு? 475க்கு. 63 மார்க் அதிகம் வாங்கிய பெண் பட்டியலிலேயே இல்லை. பல மாதம் படித்து, பல மணி நேரம் எழுதிச் சேர்த்த 500 மார்க்கை, சில நிமிடப் பேச்சில் குறைந்த இரண்டு மார்க் அழித்துவிடுகிறது.

இன்டர்வியூ 12 சதவீதம் என்பது, அந்த மார்க்கை மொத்தத்தோடு கூட்டும் வரைக்கும்தான் உண்மை. தனி பாஸ் மார்க் வைத்த நிமிடமே அது கதவை அடைக்கும் அதிகாரம் ஆகிவிடுகிறது. சதவீதத்தைக் குறைத்துவிட்டோம், எனவே நியாயமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் விடைத்தாளைத் திருத்துபவருக்கு உங்கள் முகம் தெரியாது. இன்டர்வியூவில் உங்கள் முகம், பேச்சு, சட்டை, ஊர் எல்லாம் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். அங்கே போய்த் தனி பாஸ் மார்க் வைப்பது சாதாரண அரசுப் பணிகளுக்கு நியாயமில்லை என்பதுதான் என் உறுதியான கருத்து.

இன்டர்வியூவுக்கு இவ்வளவுதான் மார்க் என்று கோர்ட் சொல்லியிருக்கிறதா? (மண்டபம்)

எல்லா வேலைக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. 1970இல் நம் மாநிலத்து மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கில், மொத்தம் 275இல் 75 இன்டர்வியூவுக்கு என்பதே அதிகமாகத் தெரிகிறது என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு அஜய் ஹாசியா வழக்கு. அதுவும் கல்லூரிச் சேர்க்கைதான். இன்டர்வியூவுக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் வைத்தது தவறு, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். 1981இல் லீலா தர் வழக்கில், வேலைக்கு ஆள் எடுப்பது வேறு, அங்கே ஆளுமையையும் பார்க்கலாம் என்று 25 சதவீதத்தை ஏற்றார்கள். 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கு வந்தது. ஹரியானா சிவில் சர்வீஸில் பொதுப் பிரிவுக்கு 22.2 சதவீதம் இருந்தது. அது அதிகம், அப்போதைய யு.பி.எஸ்.சி. அளவான 12.2 சதவீதம் போதும் என்றார்கள்.

இன்டர்வியூ முடிந்த பிறகு திடீரென்று கட் ஆஃப் வைத்தால்? (தேவிபட்டினம்)

செல்லாது. 2008இல் மஞ்சுஸ்ரீ வழக்கிலேயே, ஆட்டம் முடிந்த பிறகு ஆட்ட விதியை மாற்ற முடியாது என்று சொல்லியாயிற்று. 2023இல் கேரள மாவட்ட நீதிபதித் தேர்வு குறித்த சிவானந்தன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அப்படியே சொன்னது. விதிப்படி மொத்த மதிப்பெண்ணை வைத்து எடுக்க வேண்டிய இடத்தில், வாய்மொழித் தேர்வு, அதாவது இன்டர்வியூ, முடிந்த பிறகு அதற்கென்று ஒரு கட் ஆஃப் வைத்திருந்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தவறு என்று தீர்ப்பு வந்தும், ஏற்கெனவே பணியில் சேர்ந்து ஆறு ஆண்டு ஆனவர்களை நீக்கவில்லை. வழக்குப் போட்டவர்களுக்கு வேலையும் கிடைக்கவில்லை. நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது, காலம் இல்லை. அந்தத் தீர்ப்பை எப்போது படித்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாதக் வழக்கில், விதி இடம் கொடுத்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவுகோல் வைக்கலாம், ஆனால் அந்தக் கட்டம் தொடங்கும் முன்பே வைக்க வேண்டும் என்று தெளிவாக்கிவிட்டார்கள்.

முன்கூட்டியே சொல்லிவிட்டு பாஸ் மார்க் வைத்தால் சரியா? (தொண்டி)

சட்டப்படி சரி. 2024 மே மாதம் பீகார், குஜராத் நீதிபதித் தேர்வுகளில் அப்படி வைத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நீதிபதி வேலைக்குப் பேச்சும் நிதானமும் தேவை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனாலும் நீதித் துறையைப் பற்றி ஆராய்ந்த ஷெட்டி ஆணையமே வாய்மொழித் தேர்வுக்கு கட் ஆஃப் வேண்டாம் என்றுதான் பரிந்துரைத்தது. அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

அப்பா பாம்பனில் கடலுக்குப் போகிறவர். எனக்கு ஆங்கிலம் திக்கும். இன்டர்வியூ போர்டில் இதற்காக மார்க் குறைப்பார்களா சார்?

தமிழில் பதில் சொல்லுங்கள் அம்மா, தயங்கவே வேண்டாம். யு.பி.எஸ்.சி.யிலேயே தாய்மொழியில் பேசலாம். அப்பா தொழிலைக் கேட்டால் நிமிர்ந்து சொல்லுங்கள். 61 நாள் தடைக்காலத்தில் வீட்டுச் செலவு எப்படி ஓடுகிறது, இறால் விலையை யார் வைக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எதிரே இருப்பவருக்குத் தெரியாது. மாவட்ட நிர்வாகத்துக்கு வேண்டிய அறிவு அதுதான். இருந்தாலும் உங்கள் பயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். பேச்சு வழக்கைக் கேட்டதும் ஆளை எடை போடும் பழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. தனி பாஸ் மார்க் கூடாது என்று நான் சொல்வதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

இன்டர்வியூ மார்க்கைக் கூட்டித் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். (மூக்கையூர்)

கொடுக்காதீர்கள் ஐயா. படகை அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்பி வராது. லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுங்கள்.

இன்டர்வியூவையே எடுத்துவிட்டால் என்ன? (பெரியபட்டினம்)

பெரும்பாலான வேலைகளுக்கு எடுத்தேயாயிற்று. மத்திய அரசில் குரூப் சி, குரூப் பி கெஜட்டட் அல்லாத பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் கிடையாது. நம் குரூப் 4க்கும் கிடையாது. மேல்நிலைப் பணிகளுக்கு இருக்கட்டும், ஆனால் மொத்தத்தோடு கூட்டும் மார்க்காக மட்டும் இருக்கட்டும்.

இன்டர்வியூவில் மார்க் குறைந்துவிட்டது. கேஸ் போடலாமா? (சாயல்குடி)

மார்க் குறைவு என்பதற்காக மட்டும் என்றால் நிற்காது. விதியெல்லாம் தெரிந்தே போய் உட்கார்ந்துவிட்டு, தோற்ற பிறகு அந்த முறையே தவறு என்று சொல்ல முடியாது என்று 1995இலேயே மதன் லால் வழக்கில் சொல்லிவிட்டார்கள். சில விதிவிலக்குகள் உண்டு. நம்பி இறங்க வேண்டாம். விதியே தவறு என்று பட்டால் தேர்வுக்கு முன்பே ரிட் மனு போட வேண்டும். நடுவில் விதியை மாற்றியிருந்தால் கதை வேறு. அப்போது ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் மதுரைக்கு வாருங்கள்.

உங்கள் மார்க்கை ஆர்.டி.ஐ. என்ற தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். போர்டில் இருந்தவர்கள் பெயர் கிடைக்காது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. அப்புறம், விண்ணப்பிக்கும் அன்றே நோட்டிபிகேஷனை முழுசாக இறக்கிப் பத்திரமாக வையுங்கள். பின்னால் ஏதாவது மாறியிருந்தால் அதைக் காட்டும் முதல் ஆவணம் அதுதான்.