இருபதாம் பக்கத்தில் நின்றுவிடுகிறேன்

கேள்வி: தன்னம்பிக்கைப் புத்தகங்கள் ஏழெட்டு வாங்கிவிட்டேன். ஒன்றுகூட இருபது பக்கம் தாண்டவில்லை. பிழை என்னிலா, புத்தகத்திலா?
– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: பாதிப் பிழை புத்தகத்தில்தான், தங்கச்சி. பதினைந்து பக்கத்தில் முடிய வேண்டியதை இருநூறு பக்கத்துக்கு இழுத்தால் யாருக்கும் நித்திரை வரும்.

அம்மா காலமான வருஷம் எனக்கு எதுவும் ஓடவில்லை. அப்போது கையில் கிடைத்தது, வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் நாஸி முகாம்களில் தான் பட்டதை வைத்து 1946இல் வெளியிட்ட நூல். ஒன்பதே நாளில் எழுதினாராம். பெயர் போடாமலே வெளியிடத்தான் நினைத்தாராம். (இப்போது அட்டை முழுக்க எழுத்தாளரின் சிரித்த முகம்!) கல்லடிப் பாலத்தடியில் இருந்து, பின்னேரத்துக்கு நான்கு பக்கம் என்று வாசித்தேன். அதற்கு மேல் முடியவில்லை, தேவைப்படவும் இல்லை.

அது பாரமாகத் தெரிந்தால் திருக்குறளை எடுங்கள். முழுவதும் வேண்டாம், 31ஆம் அதிகாரம் ‘வெகுளாமை’, அதாவது கோபப்படாமை, மட்டும். பத்துக் குறள், நாளுக்கு ஒன்று. பக்கத்தில் ஒரு கொப்பியும் வைத்து, அன்று யாரோடு, எத்தனை மணிக்குக் கோபப்பட்டீர்கள் என்று எழுதுங்கள். என் கொப்பியில் முதல் கிழமை முழுக்க மகனின் பெயர்தான். நேரத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது: அநேகமாக எல்லாமே மத்தியானச் சாப்பாடு பிந்திய நாள்கள். பாவம் பொடியன்.

அப்புறம், அந்த ஏழெட்டில் தடிப்பானவற்றை ஊர் வாசிகசாலைக்குக் கொடுத்துவிடுங்கள்.