பாரிஸ் கடைத்தெருவும் திரும்பி வரும் வரியும்

கேள்வி: ஜூன் மூன்றாம் வாரம் கிளம்பி, பாரிஸில் இருக்கும் மகள் வீட்டில் பத்து நாள் தங்கப் போகிறேன். புதுச்சேரியில் வசிக்கும் சம்பந்தி அம்மாவும் உடன் வருகிறார். அவரிடம் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. மருமகளாக வரப்போகும் பெண்ணுக்கு ஒரு நல்ல கைப்பையும், உறவினர்களுக்குச் சென்ட், முகப்பூச்சு போன்றவையும் வாங்க எண்ணம். அறிமுகமான வழிகாட்டி ஒருவர், தாம் அழைத்துப் போகும் கடையில் வாங்கினால் 20 சதவீத வரி முழுவதும் கையில் திரும்பக் கிடைக்கும் என்கிறார். நம்பலாமா? எங்கே போய் வாங்குவது? (கடலூர் வாசகி, ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: அம்மா, அந்த வழிகாட்டியை நம்ப வேண்டாம். பாரிஸில் பொருள் வாங்கும் வெளிநாட்டுப் பயணிகளின் வரிச் சீட்டுகளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: 20 சதவீதம் முழுவதையும் கையில் பெற்ற பயணி எவரையும் நான் பார்த்ததில்லை.

நீங்கள் கணக்குப் போடத் தெரிந்தவர், போட்டுப் பாருங்கள். பிரான்சில் கைப்பைக்கும் சென்ட்டுக்கும் மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம்தான். ஆனால் அது வரிக்கு முந்தைய விலையின் மீது போடப்படுவது. 1,200 யூரோ என்று எழுதியிருக்கும் பையில் 1,000 பையின் விலை, 200 வரி. அந்த 200 யூரோவும் உங்களிடம் வந்து சேராது. கடைக்கும் சுங்கத்துக்கும் நடுவில், வரியைத் திருப்பித் தரும் நிறுவனம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பெரிய கடைகளில் அது தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு உங்களுக்குக் கிடைப்பது ஒட்டிய விலையில் ஏறத்தாழ 12 சதவீதம், அதாவது 144 யூரோ. மீதி 56 யூரோ ஒரு தாளை அச்சடித்ததற்கும் ஒரு கணக்கை நகர்த்தியதற்குமான கூலி! அரசு விட்டுக்கொடுத்த வரியில் கால்வாசிக்கு மேல் நடுவில் இருப்பவர் எடுத்துக்கொள்வதை எந்த அரசும் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல். அது கிடக்கட்டும். 12 கிடைக்கும் இடத்தில் 20 தருவதாக ஒருவர் சொன்னால், விலையை முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்கிறார் என்று பொருள், அல்லது உங்கள் பில்லில் அவருக்குக் கமிஷன் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் இரண்டும்தான்.

எங்கே போவது என்ற கேள்விக்கு, உங்கள் தேவைக்கு ஒஸ்மான் பெருஞ்சாலை ஒன்றே போதும். மெட்ரோவில் 7 அல்லது 9ஆம் எண் தடத்தில் ஏறி ‘ஷோசே தாந்தான் – லா ஃபாயெத்’ நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே கலரி லாஃபாயெத் என்ற பல்பொருள் அங்காடி இருக்கிறது. அதே வரிசையில் சிறிது தூரம் நடந்தால் 1865இல் தொடங்கிய பிரன்தாம் அங்காடி. கலரி லாஃபாயெத்தின் வண்ணக் கண்ணாடிக் கும்மட்டம் 1912இல் கட்டியது. மேல்மாடிக்கு ஏறி ஊரைப் பார்க்கக் கட்டணமில்லை. அழகுக்காக மட்டும் நான் இந்த இடத்தைச் சொல்லவில்லை. வரிச் சலுகை பெற, ஒரே விற்பனையாளரிடம் மூன்று நாட்களுக்குள் வாங்கியவற்றின் மொத்தம் 100 யூரோவைத் தாண்டியிருக்க வேண்டும். தெருவில் நான்கு சிறு கடைகளில் 60, 60 யூரோவாக வாங்கினால் நான்கிலும் ஒன்றும் கிடைக்காது. பல்பொருள் அங்காடியிலோ ஒரு தளத்துச் சென்ட்டும் இன்னொரு தளத்துக் கைக்குட்டையும் ஒரே கணக்கில் சேரும். ஆடம்பரப் பெயர்கள் சில, அதே கூரைக்குள் இருந்தாலும் தங்கள் வரிச் சீட்டைத் தனியாகப் போடுகின்றன, ஆகையால் பணம் கட்டுவதற்கு முன்பே “இந்த பில் மற்றவற்றோடு சேருமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பில்லும் சம்பந்தி அம்மாவின் பில்லும் ஒன்றாகச் சேராது. சீட்டு ஒருவர் பெயருக்குத்தான்.

கூட்டம் பிடிக்காது என்றால் ஏழாவது வட்டாரத்தில், செவ்ர் தெருவில் உள்ள போன் மார்ஷே இருக்கிறது. அமைதியான கடை, பக்கத்திலேயே அதன் உணவுப் பொருள் அங்காடியும் உண்டு. முகப்பூச்சு, சோப்பு வகைகளுக்கு ஆடம்பரக் கடை தேவையில்லை. சாங் ழெர்மேங் பகுதியில் ஃபூர் தெருவில் உள்ள சிட்டிஃபார்மா என்ற மருந்துக்கடையில் அவை மலிவு. இடுப்பொடியும் நெரிசல் இருக்கும். காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கும் பிஸ்கட், தேயிலை, சாக்லேட் எல்லாம் மகள் வீட்டுத் தெருமுனையில் உள்ள மோனோப்ரி அங்காடியில் வாங்கிக்கொள்ளலாம்.

ஜூன் மாதத்தில் போகிறீர்கள் என்பதால் தேதியைச் சற்றுக் கவனியுங்கள். பிரான்சில் ‘சோல்து’ எனப்படும் தள்ளுபடிக் காலம் கடைக்காரர் விருப்பத்துக்கு வைப்பதன்று, சட்டம் வகுத்தது. கோடைக்காலத் தள்ளுபடி பெரும்பாலும் ஜூன் கடைசிப் புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி நான்கு வாரம் நடக்கும். துணி, காலணி, சென்ட் ஆகியவற்றை அந்தப் புதன் வரைக்கும் ஒத்திப்போடுங்கள். கைப்பைக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. லூயி வித்தோன் போன்ற ஆடம்பரப் பெயர்கள் தள்ளுபடியில் கலந்துகொள்வதே இல்லை.

அந்தப் பெயரைச் சொன்னதும் ஷான்ஸ் எலிஸே சாலை நினைவுக்கு வருகிறது. அங்கே ஆடம்பரக் கடைகளின் வாசலில், நாகரிகமாக உடுத்திய ஒருவர் உங்களை அணுகி, “எனக்கு இந்தக் கடையில் வாங்கும் வரம்பு முடிந்துவிட்டது, இந்தப் பணத்துக்கு ஒரு பை வாங்கித் தாருங்கள், உங்களுக்கு இவ்வளவு தருகிறேன்” என்று கேட்கக்கூடும். பணம் கள்ளப்பணமா, பை எங்கே போகிறது, எதுவும் உங்களுக்குத் தெரியாது. பில்லில் ஏறுவது உங்கள் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும். பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். இதற்கு நேர்மாறான வலை, ஞாயிறுகளில் கிளிஞாங்கூர் பழம்பொருள் சந்தைக்குப் போகும் வழியில், மேம்பாலத்தின் கீழே விரிக்கப்படுவது. ஆடம்பரப் பெயர் பொறித்த பை 30 யூரோவுக்குக் கிடைக்கும். போலிப் பொருளை வைத்திருப்பதே பிரான்சில் குற்றம். சட்டத்தில் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 3,00,000 யூரோ வரை அபராதமும் உண்டு. ஒரு பைக்காக உங்களைச் சிறையில் தள்ளிவிட மாட்டார்கள். ஆனாலும் விமான நிலையத்தில் சுங்கத்தார் அதைப் பறிப்பதோடு, அசல் பையின் விலையை வைத்து அபராதம் கேட்க முடியும். சந்தைக்கு உள்ளே இருக்கும் பழம்பொருள் கடைகள் வேறு. அவை நல்ல கடைகள்.

இனி சம்பந்தி அம்மாவின் விஷயம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் புதுச்சேரிக் குடும்பங்கள் பலரும் இதில் ஏமாந்து, கிடைக்க வேண்டியதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். இந்தச் சலுகை குடியுரிமையைப் பொறுத்ததன்று, வசிப்பிடத்தைப் பொறுத்தது. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளத் தெரிவு செய்த குடும்பங்களின் வாரிசுகள் கடவுச்சீட்டால் பிரெஞ்சுக்காரர்கள், முகவரியால் புதுச்சேரிக்காரர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நிரந்தரமாக வசித்து, பிரான்சில் ஆறு மாதத்துக்கும் குறைவாகத் தங்கும் பதினாறு வயது நிரம்பிய எவருக்கும் இது உண்டு. கடைக்காரப் பெண் செந்நிறக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிடுவாள். அவளுக்கு அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவேட்டில் தம் பெயர் இருப்பதற்கான சான்றைப் புதுச்சேரி பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தின் வழியாகப் பெற்று, அதைக் கடவுச்சீட்டோடு எடுத்துவரச் சொல்லுங்கள். தாமதமின்றி இன்றே சொல்லுங்கள். கடையிலும் காட்ட வேண்டும், விமான நிலையத்திலும் கேட்டால் காட்ட வேண்டும். இதே விதியின் மறுபக்கம், இந்தியக் கடவுச்சீட்டே வைத்திருந்தாலும் பாரிஸில் வசிக்கும் உங்கள் மகளுக்குச் சலுகை இல்லை. உங்கள் பெயரில் பில் போட்டு மகள் அந்தப் பையை வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் பெயரில் வாங்கிய பொருள் உங்கள் கையோடு ஐரோப்பாவை விட்டு வெளியேற வேண்டும்.

கடைக்கு அசல் கடவுச்சீட்டைக் கொண்டு செல்லுங்கள். அங்கே தரும் சீட்டில் பட்டைக்குறி இருக்கும். பணத்தை அட்டையிலா, ரொக்கமாகவா என்று கேட்பார்கள். அட்டை என்று சொல்லுங்கள், ரொக்கத்துக்குத் தனிப் பிடித்தம் உண்டு. பில்லுக்கு அட்டையைச் செருகும்போதும் இயந்திரம் “யூரோவா, ரூபாயா?” என்று கேட்கும். ரூபாய் நமக்குப் பழகியது என்று அதை அழுத்தாதீர்கள். அந்த மாற்று விகிதம் அவர்களுக்கு இலாபமானது. யூரோவையே அழுத்துங்கள்.

கடையில் முடிவது பாதி வேலைதான். சில ஆண்டுகளுக்கு முன் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் ஒரு தம்பதியைப் பார்த்தேன். கடையில் கொடுத்த உறையில் சீட்டை மடித்து வைத்து, நாவால் ஈரப்படுத்தி ஒட்டி, மஞ்சள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பினார்கள். பத்தடி தூரத்தில், வரிச் சீட்டைச் சரிபார்க்கும் சுங்கத்தின் பாப்லோ இயந்திரம் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதில் பட்டைக்குறியைக் காட்டித் திரை பச்சையானால்தான் சுங்கம் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. உறையைத் திரும்ப எடுக்க வழியில்லை. கடையிலேயே அவர்களுக்கு முன்பணமாகக் கொடுக்கப்பட்ட தொகையை, சில வாரம் கழித்து, வரியைத் திருப்பித் தரும் நிறுவனம் அவர்கள் அட்டையிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. எழுதிக் கேட்டதற்கு, “சீட்டு உறுதிப்படுத்தப்படவில்லை” என்று மூன்று முறை ஒரே வாசகத்தைப் பதிலாக அனுப்பினார்கள்.

ஆகவே பெட்டியை விமானத்தில் ஏற்றக் கொடுப்பதற்கு முன் பாப்லோவிடம் போங்கள். திரை சிவப்பானால் பக்கத்துச் சுங்கக் கவுண்டரில் பொருளைக் காட்டச் சொல்வார்கள். பை பெட்டிக்குள் போய் பெட்டி பெல்ட்டில் போய்விட்டால் காட்ட எதுவும் இருக்காது. மூன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். கோடையில் வரிசை நீளம், கவுண்டரில் இருப்பவரோ ஒருவர்.

துபாய், தோஹா வழியாகத் திரும்பினால் எல்லாவற்றையும் பாரிஸிலேயே முடித்துவிடுங்கள். ஃபிராங்ஃபர்ட் வழியாக என்றால், அதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பதால், சென்னை வரைக்கும் நேராகப் போகும் பெட்டியில் உள்ள பொருளுக்குப் பாரிஸிலும், கையில் கொண்டு போகும் பைக்கு ஃபிராங்ஃபர்ட்டிலும் என்று விதி பிரிந்துவிடும். அங்கே முத்திரை வாங்கிய சீட்டைத் தபாலிலும் அனுப்ப வேண்டும். முடிந்தால் அந்த வழியைத் தவிருங்கள்.

கடைசியாக, சென்னையில் இறங்கும்போது நம் சுங்கமும் இருக்கிறது. பெயர் பெற்ற கைப்பை ஒன்றே வரியில்லா வரம்பைத் தாண்டிவிடக்கூடும். விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு “பழசு” என்று சொல்லும் யோசனையை விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள், பில்லை வைத்துக்கொண்டு சிவப்பு வழியில் போய் அறிவித்துவிடுங்கள். அந்த வரியையும் சேர்த்துக் கூட்டிய பிறகு பாரிஸ் விலை உண்மையிலேயே இலாபமா என்பதை, கடலூரில் கிளம்புமுன் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.