வகுப்பில் காட்ட எந்த வீடியோ? ஆசிரியர்கள் கேட்டவையும் என் பதில்களும்

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு வந்ததிலிருந்து வீடியோ தேடுவதும் பாடத் தயாரிப்பில் சேர்ந்துவிட்டது. கேள்வி அனுப்புங்கள் என்றதும் நிறைய வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஒரு தலைப்பைத் தேடினால் நூறு வீடியோ வருகிறது சார். எதை வைத்து எடுப்பது? எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்பதை வைத்தா? (ஏழாம் வகுப்பு ஆசிரியை, ஆரணி)

அதை வைத்து எடுக்காதீர்கள் டீச்சர். கரும்பலகையும் என் கையும் காட்ட முடியாத எதை இந்த வீடியோ காட்டுகிறது என்று பாருங்கள். யாரோ ஒருவர் பலகை முன் நின்று விளக்குகிற வீடியோ என்றால் அது வேண்டாம், அந்த வேலையை நீங்களே இன்னும் நன்றாகச் செய்வீர்கள், உங்களுக்குத்தான் எந்தப் பிள்ளை எங்கே திணறும் என்று தெரியும். 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் காற்றே இல்லாத நிலவில் நின்று சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கீழே விட்டார், இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. ஒரு நிமிடம் போலத்தான் இருக்கும் அந்தக் காட்சி, ஆனால் அதை எந்த வகுப்பறையிலும் செய்து காட்ட முடியாது. அமீபா இரையை விழுங்குவது, எரிமலை வெடிப்பது எல்லாம் இந்த வகை.

எவ்வளவு நேரம் ஓடலாம்?

எட்எக்ஸ் இணையப் பாடங்களில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொதுவாக ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்றது அது. அவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள். நம் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். பதினைந்து நிமிட வீடியோ என்றால் வேண்டிய இடம் எந்த நிமிடத்தில் வருகிறது என்று முன்னாலேயே குறித்து வைத்து அதை மட்டும் போடுங்கள். முடிவு தெரிவதற்கு முந்தைய நொடியில் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று கேளுங்கள், வகுப்பு கலகலவென்று ஆகிவிடும்.

"நல்லா புரிஞ்சுது சார்" என்கிறார்கள், டெஸ்ட் வைத்தால் ஒன்றும் இல்லை. ஏன்? (ஒன்பதாம் வகுப்பு, விருதுநகர்)

வந்ததில் முக்கியமான கேள்வி இதுதான். யூடியூபில் வெரிடாசியம் என்ற அறிவியல் சேனல் நடத்தும் டெரிக் முல்லர் 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வே இதைப் பற்றியதுதான். தெளிவாக, நேராக விளக்கும் இயற்பியல் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் 'தெளிவாக இருந்தது, சுலபமாகப் புரிந்தது' என்றார்கள், ஆனால் மதிப்பெண் ஏறவில்லை. தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அதுவும் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு பழைய தவறான எண்ணத்தோடே வெளியே போனார்கள். அந்தத் தவறான எண்ணத்தையே எடுத்து வைத்து விவாதித்த வீடியோவைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள், மதிப்பெண்ணோ நன்றாகக் கூடியிருந்தது.

அதனால் வீடியோ போடும் முன் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். பருவ மாற்றம் பாடமா, 'கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருகிறது' என்று பலகையில் எழுதி, சரி என்பவர்கள் கை தூக்கச் சொல்லுங்கள். முக்கால்வாசிக் கைகள் மேலே போகும். அப்புறம் கணக்கைச் சொல்லுங்கள்: ஜனவரித் தொடக்கத்தில்தான், அதாவது நம் மார்கழிக் குளிரில், பூமி மிக அருகில் இருக்கிறது, சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. இப்போது பருவத்துக்கு உண்மையான காரணமான பூமி அச்சின் சாய்வைக் காட்டும் வீடியோவைப் போட்டால் கவனித்துப் பார்ப்பார்கள். இரண்டு வீடியோ கையில் இருந்தால், இந்தத் தவறான எண்ணத்தைத் தொட்டுப் பேசுவதையே எடுங்கள், படம் சுமாராக இருந்தாலும் சரி.

வீடியோவிலேயே தவறு இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

முழுவதையும் ஒரு தடவை பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகள் சில: நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பிரிக்கும் படம் (எல்லாச் சுவையும் நாக்கில் எங்கும் தெரியும்), சிரையில் ஓடும் ரத்தம் நீலம் என்பது, விமான இறக்கையின் மேலும் கீழும் போகும் காற்று ஒரே நேரத்தில் மறுமுனையில் சேர்ந்தாக வேண்டும் என்பது, பூமியின் பாதையை முட்டை போல இழுத்து வரைவது. இந்தக் கடைசி ஒன்றுதான் மேலே சொன்ன பருவக் குழப்பத்துக்கே தீனி போடுகிறது.

தமிழில் எங்கே தேடலாம்?

பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடில் தொடங்குங்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியும் கல்வி தொலைக்காட்சியின் யூடியூப் சேனலும் நம் பாடத்திட்டத்தை ஒட்டியே இருக்கின்றன. குப்பைப் பொருளில் செய்யும் கருவிகளுக்கு அரவிந்த் குப்தாவின் வீடியோக்கள், தமிழிலும் இருக்கின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'பெட்' (PhET) வீடியோ இல்லை, திரையில் பிள்ளைகளே மின்சுற்றை இணைத்துப் பார்க்கும் சிமுலேஷன், அதிலும் பல தமிழில் கிடைக்கும். காட்சி அருமையாக இருந்து ஆங்கிலம் வேகமாக ஓடுகிறதா, சத்தத்தை அணைத்துவிட்டு நீங்களே பேசுங்கள்.

வவுனியாவிலிருந்து எழுதுறன் சேர். தமிழ்நாட்டு வீடியோக்களை எங்கட பிள்ளைகளுக்குக் காட்டலாமோ?

தாராளமாக, ஆனால் இயற்பியலில் ஒரு இடத்தில் கவனம். நீங்கள் திணிவு (mass) என்பதை நாங்கள் நிறை என்கிறோம், உங்கள் நிறை (weight) எங்களுக்கு எடை. சொல்லாமல் போட்டால் அந்தப் பாடமே தலைகீழாகிவிடும்.

பள்ளியில் நெட் விட்டு விட்டு வருகிறது, நடுவில் விளம்பரம் வேறு. பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

வீட்டிலேயே யூடியூப் செயலியில் ஆஃப்லைனில் சேமித்து, போனைக் கேபிளில் மாட்டிக் காட்டுங்கள். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள், அடுத்து என்ன வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. பாடத்தின் பகுதியாக, அந்தப் பள்ளியின் மாணவர், ஆசிரியர், பெற்றோர் என்ற அளவில் திரையிட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அதையே வெட்டி உங்கள் சேனலில் ஏற்றுவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

தமிழ்ச் செய்யுளுக்கு வீடியோ உண்டா ஐயா?

செய்யுளை முதன்முதலாக எடுக்கும் பீரியடில் வேண்டாம். பிள்ளை மனதில் தானாக எழ வேண்டிய காட்சியை அனிமேஷன் முந்திக்கொண்டுவிடுகிறது. பாடலை ராகத்தோடு பாடிய ஒலிப்பதிவு கிடைத்தால் அதைப் போடுங்கள்.

தினமும் ஒரு வீடியோ காட்டச் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்புக் காந்தவியலுக்கு எது நல்லது?

காந்தத்துக்கு வீடியோவே வேண்டாம் டீச்சர். பழைய ஸ்பீக்கரில் இருந்து ஒரு காந்தம், ஆற்று மணலில் ஒட்டிவரும் கருப்புத்தூள், ஒரு வெள்ளைத் தாள், இவ்வளவுதான். குழுவுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள், தலைமையாசிரியரையும் அந்த நேரத்தில் வகுப்புக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.